லண்டன் ஆப்ஸ்லி ஹவுஸ்: கட்டடக் கலையும் வரலாறும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்கள் நாட்டுப்புறத்தில் பெரும் பண்ணை மாளிகையையும், நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் தங்குவதற்காக லண்டனில் ஒரு நகர மாளிகையையும் வைத்திருந்தன. அந்த நகர மாளிகைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. எஞ்சியவற்றுள் ஆப்ஸ்லி ஹவுஸ் தனிச்சிறப்பு வாய்ந்தது. அதைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஆப்ஸ்லி ஹவுஸ் எங்கே உள்ளது? அதை ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதுகிறார்கள்?

லண்டனில் பிக்காடில்லி சாலையின் மேற்கு முனையில், ஹைட் பார்க்கின் தென்கிழக்கு மூலையை ஒட்டி இந்த வீடு நிற்கிறது. அதன் முகவரி 149, பிக்காடில்லி. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இது முதல் தரத்தைச் சேர்ந்தது.

அழகினால் மட்டும் இதற்கு இந்த இடம் கிடைக்கவில்லை. இதே தெருவில் இருந்த டெவன்ஷயர் ஹவுஸ் 1924இல் இடிக்கப்பட்டது. பார்க் லேனில் இருந்த குரோவனர் ஹவுஸும் டார்செஸ்டர் ஹவுஸும் 1920-களின் முடிவுக்குள் மறைந்தன. செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்து நார்ஃபோக் ஹவுஸ் 1938இல் போயிற்று. இடிபடாமல் தப்பிய மாளிகைகள் சிலவற்றிலும் பழைய குடும்பமும் பழைய பொருள்களும் இல்லை. ஆப்ஸ்லி ஹவுஸில் சுவர்கள் நிற்கின்றன. அச்சுவர்களுக்காகச் சேர்க்கப்பட்ட ஓவியங்களும் வெள்ளிக் கலங்களும் அங்கேயே உள்ளன. அவற்றைச் சேர்த்தவர், வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற முதலாம் வெலிங்டன் டியூக். அவரது வழித்தோன்றல்களுக்கும் இன்றுவரை அதே கூரையின் கீழ் இடமுண்டு. மூன்றும் ஒன்றாக நிலைத்திருப்பதே இவ்வீட்டின் அருமை.

'லண்டன் எண் 1' என்ற பெயர் எப்படி வந்தது?

மேற்கே நைட்ஸ்பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நகருக்குள் வருவோர் ஹைட் பார்க் மூலையில் இருந்த சுங்கச் சாவடியைக் கடந்ததும் முதலில் கண்ட பெரிய வீடு இதுதான். அதனால் மக்கள் வழக்கில் அப்பெயர் நிலைத்தது. அது என்றுமே அதிகாரபூர்வமான முகவரியாக இருந்ததில்லை.

வீட்டை முதலில் கட்டியவர் யார்? அப்போது அது எப்படி இருந்தது?

ஹென்றி பாதர்ஸ்ட் என்ற சட்ட வல்லுநர் 1771இல் இங்கிலாந்தின் நீதித்துறையில் உச்சப் பதவியான லார்டு சான்சலர் பதவிக்கு வந்தபோது ஆப்ஸ்லி பிரபு என்ற பட்டத்தைப் பெற்றார். வீட்டின் பெயர் அந்தப் பட்டத்திலிருந்து வந்தது. அவருக்காக 1771-க்கும் 1778-க்கும் இடையில் இதை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் ஆடம். அக்காலத்து பிரிட்டனில் ரோமானியக் கட்டடக் கலையின் நுட்பங்களை வீட்டு அறைகளுக்குள் கொண்டுவந்ததில் அவரை விஞ்சியவர் இல்லை என்றே சொல்லலாம்.

இன்று நாம் காணும் வெளிர்மஞ்சள் கல் முகப்பும் உயர்ந்த தூண்களும் ஆடமின் வேலை அல்ல. அவர் கட்டியது சிவப்புச் செங்கல் வீடு. முகப்பில் ஐந்து சாளர வரிசைகள் இருந்தன. வெளிப்புற அலங்காரம் மிகக் குறைவு. தெருவில் போகிறவர்களுக்கு அடக்கமான முகத்தைக் காட்டிவிட்டு, உள்ளே வரும் விருந்தினருக்கு அறைக்கு அறை வேறுபட்ட வடிவமும் நிறமும் சுதைவேலையும் காட்டுவது ஆடமின் வழக்கம். நடுவில் படிக்கட்டை வைத்து, அதைச் சுற்றி வரவேற்பறைகளை அடுக்கி, விருந்து நாளில் வந்தவர்கள் ஓர் அறையில் புகுந்து வந்த வழியே திரும்பாமல் அடுத்தடுத்த அறைகள் வழியாகவே சுற்றி வரும்படி அமைப்பது அக்காலத்து நகர மாளிகைகளின் முறையாக இருந்தது. குறுகிய மனையில் பெருங்கூட்டத்தை வரவேற்க வேண்டியிருந்ததால் பிறந்த முறை அது.

ஆடமின் வரைபடங்கள் பல, லண்டனில் உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பின்னாளில் எது மாற்றப்பட்டது, எது மாறாமல் உள்ளது என்பதை அவற்றைக் கொண்டுதான் உறுதி செய்ய முடிகிறது.

ஆடம் கட்டிய வீட்டில் இன்று என்ன மிஞ்சியுள்ளது?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே மிஞ்சியுள்ளது. கல் முகப்புக்குப் பின்னால் அந்தச் செங்கல் வீடு இன்னும் இருக்கிறது. வளைந்து ஏறும் படிக்கட்டின் அமைப்பு அவருடையது. முதல் மாடியில், சாலையைப் பார்த்தபடி உள்ள பிக்காடில்லி வரவேற்பறைதான் அவரது கைவண்ணத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அறையின் ஒரு முனை அரைவட்டமாக வளைகிறது. மேற்கூரையில் மெல்லிய சுதைவேலை விரிகிறது. அதை அடுத்த போர்ட்டிகோ வரவேற்பறையிலும் ஆடமின் சுவடுகள் உள்ளன.

இவ்வீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓவியங்களையும் நெப்போலியன் சிலையையும் தேடி விரைகிறார்கள். பிக்காடில்லி அறையில் சற்று நின்று கழுத்தை உயர்த்தி மேற்கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. அது வருத்தத்துக்குரியது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வீட்டுக்குள் ஆங்கிலேயரின் அழகுணர்ச்சி எவ்வளவு மாறியது என்பதை, அந்த அறையையும் அதற்குச் சில அடி தொலைவிலுள்ள வாட்டர்லூ காட்சிக்கூடத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் உணர முடியும்.

வீடு வெல்லெஸ்லி குடும்பத்தின் கைக்கு எப்படி வந்தது? நம் பகுதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. 1807இல் இவ்வீட்டை வாங்கியவர் ரிச்சர்டு வெல்லெஸ்லி. அவர் 1798 முதல் 1805 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். திப்பு சுல்தானை வீழ்த்திய நான்காம் மைசூர்ப் போர், தஞ்சை அரசின் ஆட்சியதிகாரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்ட 1799ஆம் ஆண்டு உடன்படிக்கை, கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கும்பினியின் கைக்குப் போன 1801ஆம் ஆண்டு இணைப்பு ஆகிய அனைத்தும் அவரது ஆட்சிக்காலத்தில் நடந்தவை. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். பிற்காலத்துச் சென்னை மாகாணத்தின் எல்லைகளைப் பெருமளவு வரைந்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர், அந்தப் பெருமிதத்துக்கு ஏற்ற வீடாகத் தேர்ந்துகொண்டது ஆப்ஸ்லி ஹவுஸ்.

ரிச்சர்டு செலவாளி. அவர் கல்கத்தாவில் கட்டிய ஆளுநர் மாளிகையின் செலவைக் கண்டு கும்பினியின் இயக்குநர்களே மனம் கசந்தனர். லண்டனிலும் அவர் அப்படியே வாழ்ந்தார். கடன் முற்றியதால் 1817இல் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் அவரது தம்பி ஆர்தர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்திருந்த முதலாம் வெலிங்டன் டியூக்.

ஆர்தரின் படைத்தொழிலும் இந்தியாவில்தான் முதிர்ந்தது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அந்நகரின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1803இல் அசாயேயில் மராத்தியப் படையை எதிர்த்து அவர் பெற்ற வெற்றிதான் அவரைத் தளபதியாகப் பெயர்பெற வைத்தது. 1805இல் சென்னையிலிருந்து கப்பலேறி நாடு திரும்பினார். குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவக் குடியிருப்புக்கு இவருடைய பெயரைத்தான் வைத்தார்கள்.

இன்றைய கல் முகப்பை அமைத்தவர் யார்?

பெஞ்சமின் டீன் வயட். இந்தப் பெயரும் இந்தியாவோடு தொடர்புடையதே. இளமையில் அவர் கல்கத்தாவில் கும்பினியின் பணியில் இருந்தார். பிறகு ஆர்தர் வெல்லெஸ்லி அயர்லாந்து அரசின் தலைமைச் செயலாளராக இருந்தபோது அவரிடம் செயலாளராகப் பணிபுரிந்தார். கல்கத்தா ஆளுநர் மாளிகையை வடிவமைத்த சார்லஸ் வயட்டும் அதே குடும்பத்தவர். வெல்லெஸ்லிகளும் வயட்டுகளும் இரண்டு கண்டங்களில் ஒருவரையொருவர் தொடர்ந்து வந்தவர்கள்.

வேலை இரண்டு கட்டமாக நடந்தது. 1819 வாக்கில் வீட்டின் வடகிழக்கு மூலையில் அரசவிருந்துக்கான உணவறை சேர்க்கப்பட்டது. பெரிய மாற்றம் 1828-க்கும் 1830-க்கும் இடையில் வந்தது. செங்கல் சுவர்கள் முழுவதும் பாத் நகரப் பகுதியின் தேன்நிறக் கல்லால் போர்த்தப்பட்டன. முகப்பில் நான்கு கொரிந்தியன் தூண்கள் தாங்கும் முக்கோண நெற்றி எழுப்பப்பட்டது. மேற்குப் பக்கத்தில் இரண்டு சாளர வரிசைகள் கூட்டப்பட்டு ஐந்து ஏழாயிற்று. அந்தப் புதிய பகுதியின் முதல் மாடி முழுவதையும் வாட்டர்லூ காட்சிக்கூடம் பிடித்துக்கொண்டது.

அந்த ஆண்டுகளில் டியூக் பிரிட்டனின் பிரதமராகவும் இருந்தார். வேலை நடந்தபோது டவுனிங் தெருவின் 10ஆம் எண் வீட்டில் தங்கியிருந்தார். செலவு மதிப்பீட்டை வெகுவாக மீறி 60,000 பவுண்டைத் தாண்டியபோது அவர் கடுஞ்சினம் கொண்டதை அவருக்கு நெருக்கமான தோழி ஹேரியட் ஆர்பத்நாட் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

வயட்டின் முகப்பைப் பற்றி அன்றிலிருந்தே இருவகைக் கருத்து உண்டு. ஆடமின் நயத்தை அவர் மூடிவிட்டார் என்பது ஒரு சாராரின் குறை. எனக்கு அந்தக் குறை முழுவதும் நியாயமாகப் படவில்லை. ஹைட் பார்க்கின் நுழைவாயில் தொகுதியையும் அதற்கெதிரே வெற்றி வளைவையும் டெசிமஸ் பர்ட்டன் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1820-களின் பிற்பகுதியில் கல்லில் எழுப்பிக்கொண்டிருந்தார். அந்த மூலை முழுவதும் தலைநகரின் வாயிலாக உருமாறிய வேளையில், அவற்றுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் வீடு ஒட்டாமல் நின்றிருக்கும். வயட் செய்தது அந்த மூலையின் புதிய மொழிக்கு வீட்டைப் பொருத்தியதே.

வாட்டர்லூ காட்சிக்கூடத்தின் சிறப்பு என்ன?

ஏறத்தாழ 28 மீட்டர் நீளமுள்ள இந்தக் கூடம், பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் காலத்து அலங்கார முறையை இங்கிலாந்தில் மீண்டும் கையாண்ட தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. வெள்ளைச் சுதையும் பொன் பூச்சும் கலந்த மேற்கூரை, கனத்த சட்டங்களில் நெருக்கமாகத் தொங்கும் ஓவியங்கள், ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் அனுப்பிய கல் விளக்குத் தண்டுகள் என்று எல்லாமே பெரிய அளவில் அமைந்தவை. பிரெஞ்சுப் பேரரசை வீழ்த்திய தளபதி தம் வெற்றிக் கூடத்துக்குப் பிரெஞ்சு அரண்மனையின் தோற்றத்தைத் தேர்ந்தது அக்காலத்து ரசனையை நன்கு காட்டுகிறது. அரசியலில் பகை இருந்தாலும் அலங்காரத்தில் பாரிஸே வழிகாட்டியாக இருந்தது.

இக்கூடத்தில் மிக நுட்பமான ஏற்பாடு மேற்குச் சாளரங்களில் உள்ளது. கண்ணாடி பதித்த பலகைகள் சுவருக்குள் மறைந்திருக்கின்றன. இரவில் அவற்றை இழுத்துச் சாளரங்களை மூடினால், மெழுகுவத்திகளின் ஒளி வெளியே வீணாகாமல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி அறை முழுவதும் பரவும். பகலில் பூங்காவைக் காட்டிய அதே சாளரம் இரவில் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்தை நினைவூட்டும்.

சுவருக்கு டியூக் மஞ்சள் பட்டைத் தேர்ந்தார். மஞ்சள் நிறம் ஓவியங்களுக்கு ஒவ்வாது, பொன்வேலையின் ஒளியையும் கெடுத்துவிடும் என்று திருமதி ஆர்பத்நாட் எவ்வளவோ வாதாடியும் அவர் இணங்கவில்லை. இப்போது சுவர்களில் இருப்பது சிவப்புப் பட்டு.

ஆண்டுதோறும் ஜூன் 18 அன்று, வாட்டர்லூவில் தம்முடன் போரிட்ட அதிகாரிகளுக்கு டியூக் விருந்தளித்தார். தொடக்கத்தில் உணவறையில் நடந்த அவ்விருந்து, கூடம் முடிந்த பின் 1830 முதல் இங்கே நடந்தது. அவர் இறந்த 1852 வரை அது தொடர்ந்தது. 1836ஆம் ஆண்டு விருந்தை வில்லியம் சால்ட்டர் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியமும் இவ்வீட்டிலேயே உள்ளது. அதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால், நீண்ட மேசை எங்கே கிடந்தது, விளக்குகள் எங்கே நின்றன என்பதெல்லாம் புலப்படும்.

நெப்போலியனின் சிலை அவரை வென்றவரின் வீட்டில் இருப்பது ஏன்?

இத்தாலியச் சிற்பி அந்தோனியோ கனோவா 1802-க்கும் 1806-க்கும் இடையில் செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிலை அது. நெப்போலியனைப் போர்க்கடவுளான மார்ஸின் வடிவில், ஆடையற்ற உடலோடு, கையில் சிறு வெற்றித் தேவதையை ஏந்தியவராகக் காட்டுகிறது. உயரம் சுமார் 3.45 மீட்டர். பாரிஸுக்கு வந்த சிலையை 1811இல் பார்த்த நெப்போலியன் தம்மை அளவுக்கு மீறி உடல்கட்டுடையவராகக் காட்டுகிறது என்று கருதி, மக்கள் பார்வைக்கு வைக்க விடவில்லை. அவர் வீழ்ந்த பிறகு 1816இல் பிரிட்டிஷ் அரசு அதைப் பிரான்சிடமிருந்து 66,000 பிராங்குக்கு வாங்கியது. மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் ரீஜென்ட் அதை டியூக்குக்குப் பரிசளித்தார்.

கட்டடக் கலை நோக்கில் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆடமின் படிக்கட்டு இலேசான வளைவுகளால் ஆனது. அதன் அடியில் இவ்வளவு பெரிய பளிங்கை நிறுத்தும்போது தரை தாங்காது என்பதால், கீழ்த்தளத்தில் தனியே தூண் கட்டித் தாங்கல் கொடுக்க வேண்டியிருந்தது. படியேறும் ஒவ்வொருவரும் சிலையைச் சுற்றிக்கொண்டே உயர்கிறார்கள். முதலில் அதன் கால் தெரிகிறது. மேலே போனதும் முகம் கண்ணுக்கு நேராக வருகிறது. அந்தப் படிக்கட்டு இச்சிலைக்காகக் கட்டப்பட்டதன்று. ஆனாலும் அதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது.

ஸ்பானிய அரச ஓவியங்கள் இங்கு எப்படி வந்தன?

ஸ்பெயினின் அரியணையில் நெப்போலியனால் அமர்த்தப்பட்ட அவருடைய அண்ணன் ஜோசப், 1813 ஜூன் 21 அன்று விட்டோரியா போரில் தோற்று ஓடியபோது அவரது வண்டிச் சாமான்கள் டியூக்கின் படையிடம் சிக்கின. அவற்றுள் சட்டத்திலிருந்து பிரித்துச் சுருட்டிய 200-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருந்தன. லண்டனுக்கு அனுப்பிப் பார்த்தபோதுதான் அவை ஸ்பானிய அரச சேகரிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. திருப்பித் தர டியூக் முன்வந்தார். நேர்மையான வழியில் கைக்கு வந்ததை உம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள விருப்பமில்லை என்ற பொருளில் மன்னர் ஃபெர்டினாண்டின் சார்பில் 1816இல் பதில் வந்தது.

அந்த ஓவியங்களுள் 80-க்கும் மேற்பட்டவை இவ்வீட்டில் உள்ளன. வெலாஸ்குவெஸ் இருபது வயதை ஒட்டித் தீட்டிய 'செவில் நகரத் தண்ணீர் விற்பவர்' அவற்றுள் தலையாயது. மண்குடத்தின் வெளிப்புறத்தில் கசிந்து நிற்கும் நீர்த்துளிகளை அவர் காட்டியிருக்கும் விதத்துக்காகவே பலர் இங்கு வருகிறார்கள். கொரேஜியோவின் 'தோட்டத்தில் வேதனை' அளவில் சிறியது. டியூக் மிகவும் நேசித்த படம். கோயா தீட்டிய குதிரை மீதமர்ந்த டியூக்கின் படத்தை எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, அவரது தலைக்கு அடியில் வேறொருவரின் தலை தெரிந்தது. முன்பே வரைந்திருந்த படத்தை ஓவியர் அவசரத்தில் மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்.

சாளரங்களுக்கு இரும்புக் கதவுகள் போடப்பட்டது உண்மையா?

உண்மை. வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்தச் சட்டத்தை டியூக் உறுதியாக எதிர்த்தார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதைக் கொண்டாட 1831 ஏப்ரல் 27 இரவு லண்டன் வீடுகளில் விளக்கேற்றப்பட்டது. ஆப்ஸ்லி ஹவுஸ் இருண்டு கிடந்தது. கூட்டம் கல்லெறிந்து சாளரங்களை உடைத்தது. அவருடைய மனைவி கேத்தரின் அதற்கு மூன்று நாள் முன்புதான் இறந்திருந்தார். உடல் வீட்டிற்குள்ளேயே கிடத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. 'இரும்பு டியூக்' என்ற பட்டப்பெயரை இக்கதவுகளோடு இணைத்துச் சொல்வதுண்டு. அது எல்லோரும் ஏற்கும் விளக்கம் அன்று.

வீடு ஏன் இப்போது சாலைகளுக்கு நடுவே தனித்து நிற்கிறது?

பிறந்தபோது அது தனி வீடாக இல்லை. பிக்காடில்லியின் வடபுறம் தொடர்ச்சியாக நின்ற மாளிகை வரிசையின் கடைசி வீடாகவே அது இருந்தது. கிழக்குச் சுவரை ஒட்டி 148ஆம் எண்ணில் ராத்சைல்டு குடும்பத்தின் வீடு நின்றது. 1960-களின் தொடக்கத்தில் பார்க் லேன் சாலையை அகலப்படுத்தியபோது அந்த அண்டை வீடுகள் இடிக்கப்பட்டு, அவை இருந்த இடத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒருபோதும் வெளியே தெரிவதற்காகக் கட்டப்படாத கிழக்குச் சுவர் அம்பலமானது. அதற்குப் புதிதாகக் கல் முகப்பு போட்டார்கள்.

இதைப் பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன். வீட்டின் ஒரு கல்லும் குறையவில்லை என்பது உண்மைதான். ஆனால் நகர மாளிகை என்பது பக்கத்து வீட்டோடு தோள் உரசி நிற்பது. வரிசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, ஆடம் ஏன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் எண்ணி அறைகளுக்கு ஒளி தேடினார், வயட் ஏன் மேற்கே மட்டும் வீட்டை நீட்டினார் என்பது பார்ப்பவருக்கு எளிதில் விளங்குவதில்லை. கிழக்கே நீட்ட இடமே கிடையாது. அங்கே இன்னொருவரின் வீடு இருந்தது.

வீடு பொதுமக்களுக்கு எப்போது திறக்கப்பட்டது? குடும்பம் இன்னும் அங்கே உள்ளதா?

ஏழாவது டியூக் ஜெரால்டு வெல்லெஸ்லி தாமும் ஒரு கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாளிகைகளைப் பேணுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்த அவர், வீட்டையும் முக்கியமான கலைப்பொருள்களையும் 1947இல் நாட்டுக்கு அளித்தார். இதற்கெனவே நாடாளுமன்றம் வெலிங்டன் அருங்காட்சியகச் சட்டத்தை இயற்றியது. 1952இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நீண்ட காலம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதை நிர்வகித்தது. 2004இல் பொறுப்பு இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புக்கு மாறியது. வீட்டின் ஒரு பகுதியில் குடியிருக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அந்த அறைகளுக்குள் பார்வையாளர் செல்ல முடியாது.

முதல் தரப் பட்டியல் என்றால் என்ன? அது எதையெல்லாம் காக்கிறது?

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த நகரங்களைத் திரும்பக் கட்டும்போது எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1940-களின் நகரமைப்புச் சட்டங்கள் வழியாகப் பட்டியலிடும் முறை அப்போதுதான் உருவாயிற்று. மூன்று தரங்கள் உள்ளன: முதல் தரம், உடுக்குறியிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் கொண்ட பட்டியலில் முதல் தரத்தைச் சேர்ந்தவை நூற்றுக்கு இரண்டரை அளவுதான். பட்டியலைப் பேணுவது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு.

முகப்பு மட்டுமே பாதுகாக்கப்படுகிறது என்பது பரவலான தவறான எண்ணம். எந்தத் தரமாயினும், கட்டடம் முழுவதும், அதன் உட்புறமும் சட்டத்தின் பாதுகாப்பில் வரும். மேற்கூரைச் சுதைவேலை, கணப்படுப்பு, படிக்கட்டுக் கைப்பிடி, சுவருக்குள் ஒளிந்துள்ள கண்ணாடிப் பலகைகள் வரை எதை மாற்றுவதாயினும் முன் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றிச் சிறப்புத் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் செய்வது குற்றவியல் தண்டனைக்குரியது.

அதே சமயம், கட்டடத்தோடு பொருத்தப்படாத பொருள்களைப் பட்டியல் காப்பதில்லை. சுவரில் மாட்டிய படமும் மேசைமேல் வைத்த வெள்ளிக் கலமும் அதன் வரம்புக்குள் வாரா. ஆப்ஸ்லி ஹவுஸ் பேறுபெற்றது. அதன் சுவர்களுக்குப் பட்டியலும் அதன் பொருள்களுக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டமும் துணை நிற்கின்றன. இத்தகைய இரண்டாவது காப்பு இல்லாததால் ஏலத்துக்குப் போய் வெறுமையாகிவிட்ட பட்டியல் மாளிகைகள் பல உண்டு.

அப்படியென்றால் வீட்டில் எதையுமே மாற்ற முடியாதா?

முடியும். பட்டியல் என்பது உறைய வைப்பது அன்று. மாற்றத்தைக் கேள்வி கேட்டுப் பார்த்து அனுமதிப்பது. கூரை ஒழுகினால் சரிசெய்யலாம், மின்கம்பிகளைப் புதுப்பிக்கலாம், தீயணைப்பு வசதி செய்யலாம். 1990-களின் முதற்பாதியில் அறைகளை முதலாம் டியூக்கின் காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுவரும் பெரிய புதுப்பிப்பு வேலை நடந்தது. ஆடமின் காலத்துக்குத் திரும்பாமல் டியூக்கின் காலத்தைத் தேர்ந்தது சரியான முடிவு. செங்கலைக் காட்டுவதற்காக வயட்டின் கல்லை உரித்தால், இந்த வீட்டை வரலாற்றில் நிறுத்திய அடுக்கே போய்விடும்.

இந்தியா தொடர்பான பொருள்கள் எவை?

தரைத்தளத்தில், வெள்ளி, பீங்கான் கலங்களுக்கான அறையில் அவற்றைக் காணலாம். திப்பு சுல்தானுக்குரியதாகக் குறிக்கப்படும் வாள், டியூக் வாட்டர்லூவில் அணிந்த வாளுக்கு அருகே வைக்கப்பட்டிருக்கிறது. அசாயே வெற்றிக்குப் பிறகு தக்காணப் படையின் அதிகாரிகள் அளித்த பொன்முலாம் பூசிய வெள்ளி உணவுக் கலங்களும் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாள் லண்டன் விருந்தறையின் கலங்களுக்கு நடுவே இருப்பதைக் காணும்போது நம்மவர்க்கு மனத்தில் ஏதோ உறுத்தும்; அந்த உறுத்தலோடு பார்ப்பதே சரியான பார்வை என்பேன். இந்த வீட்டின் செல்வாக்கும் புகழும் எங்கெங்கிருந்து திரண்டன என்பதற்கு அந்தப் பேழை நேரடிச் சான்று.

முதன்முறை போகிறவர் எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

ஹைட் பார்க் கார்னர் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் வீடு எதிரிலேயே தெரியும். திறக்கும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. உள்ளே போகும் முன் முற்றத்தில் நின்று முகப்பின் ஏழு சாளர வரிசைகளையும் எண்ணி, மேற்கு ஓரத்தில் உள்ள இரண்டும் பின்னாளில் சேர்ந்தவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். தரைத்தளத்துக் கலங்களைப் பார்த்துவிட்டுச் சிலையைச் சுற்றி மெல்ல மாடியேறலாம். மேலே போனதும் பெரிய கூடத்துக்கு விரையாமல் முதலில் பிக்காடில்லி வரவேற்பறைக்குச் செல்லுங்கள். ஆடமின் மென்மைக்குக் கண் பழகிய பிறகு வாட்டர்லூ கூடத்துக்குப் போனால்தான் வயட்டின் வீச்சு புரியும். உணவறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். போர்த்துகல் நாடு அளித்த வெள்ளித் தொகுதியின் நடுப்பகுதி அங்கே மேசை நெடுகிலும் எட்டு மீட்டர் நீளத்துக்குப் பரந்திருக்கிறது. அதை வடிவமைத்தவர் டொமிங்கோஸ் அந்தோனியோ தெ செக்கெய்ரா என்ற போர்த்துகீசிய ஓவியர். வாட்டர்லூ விருந்துகள் தொடக்கத்தில் நடந்ததும் இந்த அறையில்தான்.